தொழிற்பேட்டைக்கு ஒருமுறை சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிவிட்டால், உள்ளே வரும் ஆலைகளுக்குக் கருத்துக்கேட்பே கிடையாதா?

கேள்வி இதுதான்: ஊரை ஒட்டி சிப்காட் வரப்போகிறது. பேட்டைக்கு மொத்தமாக ஒரு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிவிட்டால், பிறகு உள்ளே எந்தக் கம்பெனி வந்தாலும் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்கிறார்கள், உண்மையா? உண்மை என்றால் எந்தக் கட்டத்தில் எதைப் பார்த்துக் கேள்வி கேட்பது?

பெரும்பாலும் உண்மைதான். அதனால்தான் பேட்டைக்கு நடக்கும் அந்த ஒரே கூட்டத்தை ஏதோ சம்பிரதாயம் என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தனி ஆலை என்றால் அந்த ஆலைக்கு ஒரு கூட்டம் நடக்கும், விரிவாக்கத்துக்கு இன்னொன்று நடக்க வாய்ப்பு உண்டு. பேட்டையில் அப்படி இல்லை. ஒரு கூட்டம், ஒரு அறிக்கை, அதற்குள் அடுத்த முப்பது நாற்பது வருடத்துக்கான எல்லா ஆலைகளும் அடக்கம். அந்த அறிக்கையில் எந்த வகைத் தொழில்களின் பட்டியல் இருக்கிறது என்பதுதான் விஷயமே.

சட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994 ஜனவரியில் முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அதாவது எந்தெந்தத் திட்டம் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லும் விதி. அந்த முதல் பட்டியலில் தொழிற்பேட்டை என்ற இனமே இல்லை, தனித்தனி ஆலைகள்தான் இருந்தன. 2004 ஜூலையில்தான் ஒரு திருத்தம் போட்டு, 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய பேட்டைகளையும், மாசு அதிகம் ஏற்படக்கூடியது என்றால் பரப்பு எவ்வளவாக இருந்தாலும் அந்தப் பேட்டைகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2006 செப்டம்பர் 14 அன்று பழைய அறிவிக்கையை எடுத்துவிட்டு இப்போது நடைமுறையில் உள்ளதைக் கொண்டுவந்தபோது, அந்த 50 ஹெக்டேர் 500 ஹெக்டேராகிவிட்டது. ஏக்கர் கணக்கில் சுமார் 123 என்பது சுமார் 1,235 ஆனது. இரண்டே வருடத்தில் பத்து மடங்கு, இதைப் பற்றி அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை.

2006 அறிவிக்கையின் அட்டவணையில் 7(சி) என்ற இனம்தான் உங்களுக்கு வேண்டியது. தொழிற்பேட்டை, தொழிற்பூங்கா, ஏற்றுமதி மண்டலம், சிறப்புப் பொருளாதார மண்டலம், பயோடெக் பூங்கா, தோல் வளாகம் எல்லாம் அதில் வரும். அட்டவணை தொழில்களை 'ஏ' (மத்திய அரசு அனுமதி தர வேண்டியவை), 'பி' (மாநில அளவில் அனுமதி தரக்கூடியவை) என்று இரண்டாகப் பிரிக்கிறது. கணக்கு இப்படி: உள்ளே வரப்போகும் ஆலைகளில் ஒன்றாவது 'ஏ' பிரிவில் இருந்தால், பேட்டை எத்தனை ஏக்கராக இருந்தாலும் முழுப் பேட்டையும் 'ஏ', டெல்லியில் உள்ள மத்திய நிபுணர் குழுவுக்குப் போகும். 500 ஹெக்டேருக்கு மேல் இருந்து 'பி' பிரிவு ஆலை ஒன்றாவது இருந்தாலும் 'ஏ'தான். 500க்குக் கீழே இருந்து 'பி' ஆலை இருந்தால் பேட்டையும் 'பி', மாநில அளவிலான ஆணையம் முடிவு செய்யும். 500க்கு மேல் இருந்து ஏ, பி எதுவுமே இல்லை என்றாலும் 'பி'. கடைசியாக முக்கியமான வரி: 500 ஹெக்டேருக்குக் கீழே, ஏ, பி ஆலை எதுவும் இல்லை என்றால் இந்த இனத்தில் அனுமதியே தேவையில்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடமோ 50 ஹெக்டேருக்கு மேல் மேம்பாட்டுப் பரப்போ வந்தால் மட்டும் கட்டுமானத் திட்டம் என்ற கணக்கில் பார்ப்பார்கள், அது இதைவிட லேசான பரிசீலனை. இதோடு, சரணாலயம், கடுமையாக மாசடைந்த பகுதி, மாநில எல்லை போன்றவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் 'பி' திட்டங்கள் பொதுவாக மத்தியக் குழுவுக்குப் போகும் (2014க்கு முன் இது 10 கிலோமீட்டர்). எல்லையோரத்தில் பேட்டை அமையும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடனே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். 480 ஹெக்டேருக்குத் திட்டம் போடுங்கள், 'பொறியியல், மின்னணு, ஆடை மட்டும்' என்று எழுதுங்கள், 7(சி)யே வேண்டாம். இரண்டு வருடம் கழித்துப் பக்கத்திலேயே 'இரண்டாம் கட்டம்' என்று இன்னொரு 400 ஹெக்டேர். ஆகவே முதல் வேலை, அரசாணையில் உள்ள மொத்தப் பரப்பும் சுற்றுச்சூழல் விண்ணப்பத்தில் உள்ள பரப்பும் ஒன்றுதானா என்று வைத்துப் பார்ப்பது. நிலம் எடுக்கும் அறிவிப்பில் ஆறு கிராமங்கள், விண்ணப்பத்தில் மூன்று கிராமங்கள் என்று இருந்தால், திட்டத்தை உடைத்து மதிப்பீட்டிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

அப்புறம், பேட்டை அனுமதி கிடைத்தபின் உள்ளே வரும் ஆலையின் நிலை. இதில் மூன்று விதம் இருக்கிறது, மூன்றையும் போட்டுக் குழப்பிவிடுவதால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முதல் விதம், ஏ, பி எதிலுமே வராத ஆலை. அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி எப்போதுமே தேவையில்லை, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (ஆலையை நிறுவவும் இயக்கவும் வாரியம் தரும் ஒப்புதல்) மட்டும் போதும். இரண்டாவது, ஏ அல்லது பி பிரிவில் வரும் ஆலை. அது தனியாக அனுமதி வாங்கத்தான் வேண்டும், பெரும்பாலும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தயாரிக்க வேண்டும், ஆனால் அனுமதி பெற்ற பேட்டைக்குள் இருப்பதால், அந்த அனுமதியில் அது தடைசெய்யப்படாத தொழில் என்றால், பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. அறிவிக்கையின் 7ஆம் பத்தியிலேயே இந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. உங்களிடம் சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது விதம் இன்னும் ஒரு படி மேலே. ஒரே வகைத் தொழில்களுக்கான பேட்டை, உதாரணமாகத் தோல் வளாகம், அல்லது 'இன்னின்ன தொழில்கள்தான்' என்று முன்கூட்டியே வரையறுத்த பேட்டை அனுமதி வாங்கிவிட்டால், உள்ளே வரும் ஆலைகள் தனி அனுமதியே வாங்க வேண்டாம். இதற்கு 'சிறப்பு நிபந்தனை' என்று பெயர். ஒரு கட்டுப்பாடும் உண்டு: பேட்டைக்கு அடையாளம் காணக்கூடிய ஒரு நிர்வாகம் இருக்க வேண்டும், பேட்டை இருக்கும் காலம் முழுக்க நிபந்தனை மீறலுக்கு அந்த நிர்வாகம் சட்டப்படி பொறுப்பு. நம்மூரில் அந்த நிர்வாகம் பெரும்பாலும் சிப்காட், அதாவது அரசு நிறுவனம். அரசு நிறுவனத்தின் மீது அரசு வாரியம் நடவடிக்கை எடுப்பது எந்த வேகத்தில் நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கம். செயற்கைக் கரிம வேதிப்பொருள், தோல் பதனிடுதல் போன்ற சில இனங்களில், ஆலை பேட்டைக்கு வெளியே இருந்தால் 'ஏ', அறிவிக்கப்பட்ட பேட்டைக்குள் இருந்தால் 'பி' என்று 2006 அட்டவணையே பிரித்து வைத்தது. பேட்டைக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், கழிவு கையாளும் வசதி, கண்காணிப்பு எல்லாம் இருக்கும், ஆகவே ஆபத்து குறைவு என்பது அதன் தர்க்கம். தாளில் நியாயமான தர்க்கம்தான். ஆனால் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் 88 தொழில் தொகுப்புகளை ஆராய்ந்து மதிப்பெண் போட்டபோது, 70க்கு மேல் வாங்கி 'கடுமையாக மாசடைந்தவை' ஆன 43 இடங்களில் பேட்டைப் பகுதிகள் வரிசையாக நின்றன. முதலிடம் குஜராத்தின் அங்கலேஷ்வர், 88.50. நம் பக்கம் வேலூர், கடலூர், மணலி, கோவை. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், அதுவும் பேட்டைக்குள்தான் இருக்கிறது.

சரி, பேட்டையின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் என்ன பார்ப்பது? இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் பேட்டை அறிக்கைக்கும் ஆலை அறிக்கைக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆலை என்றால் கொதிகலன் எத்தனை டன், புகைபோக்கி எத்தனை மீட்டர், எந்த எரிபொருள், எவ்வளவு கழிவுநீர் என்று கையில் எண்கள் இருக்கும். பேட்டைக்கு அறிக்கை எழுதும்போது உள்ளே யார் வருவார்கள் என்று எழுதுகிற ஆலோசகருக்கும் தெரியாது, சிப்காட்டுக்கும் முழுசாகத் தெரியாது. ஆகவே அறிக்கையில் இருப்பது கற்பனை ஆலைகள். 'ஆட்டோ உதிரிபாகத்துக்கு இத்தனை சதவீத நிலம், உணவு பதப்படுத்தலுக்கு இத்தனை, மருந்துக்கு இத்தனை' என்று பிரித்து, ஏக்கருக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு புகை என்று ஒரு சராசரியைப் பெருக்கி, அதைக் கணினி மாதிரியில் போட்டு, 'காற்றின் தரம் வரம்புக்குள் இருக்கும்' என்று முடிப்பார்கள். அந்தச் சராசரி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மருந்து என்று எழுதியிருந்தால் மாத்திரையாக அடைக்கும் ஆலையா, மூலப்பொருளையே தயாரிக்கும் ஆலையா? இரண்டுக்கும் கழிவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், முன்னதற்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. ஜவுளி என்றால் தையலா, சாயமா? 'ஜவுளி மற்றும் சார்ந்த தொழில்கள்' என்ற ஒரு வரிக்குள் சாயப்பட்டறையை நுழைத்துவிடலாம். 'இதர தொழில்கள்' என்று ஒரு வரி இருந்தால் அதை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு வரியே எல்லா ஆலைக்கும் வாசலாகிவிடும்.

பட்டியலோடு சேர்த்து, 'இன்னின்ன தொழில்கள் இங்கே அனுமதிக்கப்படாது' என்று ஒரு தடைப்பட்டியலும் நிபந்தனையாக வேண்டும் என்று கேட்கலாம். கருத்துக்கேட்பு விலக்கு 'தடைசெய்யப்படாத' தொழிலுக்கு மட்டும்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுப்பது இந்தத் தடைப்பட்டியல்தான். பின்னால் ஒரு ஆலை வரும்போது நீதிமன்றத்தில் காட்டுவதற்கும் தெளிவான ஒரு வரி கையில் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். அறிக்கையில் ஒரு நாளைக்கு இத்தனை மில்லியன் லிட்டர் தேவை என்று இருக்கும், ஆதாரம் 'குடிநீர் வடிகால் வாரியம்' என்றோ 'சுத்திகரித்த நகராட்சிக் கழிவுநீர்' என்றோ இருக்கும். அந்தத் துறை எழுத்தில் ஒப்புக்கொண்ட கடிதம் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 'பூஜ்யக் கழிவு வெளியேற்றம்' என்று எழுதியிருந்தால் உப்பு எங்கே போகும் என்று கேளுங்கள். நீரை ஆவியாக்கி எடுத்தபின் மிஞ்சும் உப்புக்கும் கசடுக்கும் இடம் வேண்டுமே. பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அபாயகரக் கழிவு மையமும் அதே அட்டவணையில் தனி இனங்கள், பேட்டை விண்ணப்பத்தில் அவையும் சேர்ந்திருக்கின்றனவா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏரி, வரத்து வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு இவற்றுக்குப் பெரிய ஆராய்ச்சியே வேண்டாம், கிராம வரைபடத்தை வைத்துச் சரிபார்த்தால் போதும். திட்ட எல்லைக்குள் இருக்கும் ஓடை அறிக்கை வரைபடத்தில் காணாமல் போயிருப்பது அபூர்வமல்ல. வேண்டுமென்றே மறைத்தோ தவறான தகவல் தந்தோ வாங்கிய அனுமதியை ரத்து செய்யலாம் என்று அறிவிக்கையின் 8ஆம் பத்தி சொல்கிறது, சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்தால் அது பதிவில் நிற்கும். காற்று, நீர் அடிப்படைத் தரவு பருவமழை அல்லாத ஒரு பருவத்தில் எடுத்தது என்றும் போட்டிருக்கும், அது விதிப்படி சரிதான், அதில் சண்டை போட்டுப் பலனில்லை.

கூட்டம் நடக்கும் விதம் பற்றி. நடத்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியம், தலைமை மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம். (2020 வரைவு அறிவிக்கை இதை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது.) வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழில் கட்டாயம் இருக்க வேண்டியது சுருக்கம் மட்டும்தான், முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம். என் அபிப்பிராயத்தில் இந்த நடைமுறையின் மிகப் பெரிய அநியாயம் இதுதான், ஏனென்றால் மேலே சொன்ன சராசரிக் கணக்கு எதுவும் சுருக்கத்தில் இருக்காது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து, தொழில் பட்டியல், தண்ணீர் வரவு செலவுக் கணக்கு, கழிவு மேலாண்மை ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள், மீதியை விடுங்கள்.

கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது, இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஆயிரம் பேர் 'வேண்டாம்' என்று கத்திவிட்டு வெளியேறினால் குறிப்பில் 'பெரும்பாலானோர் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். நாற்பது பேர் நாற்பது குறிப்பான கேள்விகளை எழுதிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பதாரர் பதில் எழுதியாக வேண்டும், அந்தப் பதில்கள் இறுதி அறிக்கையில் சேர்ந்து நிபுணர் குழு முன்னால் போகும். எதிர்ப்பை உணர்ச்சியோடு காட்டக் கூடாது என்று சொல்லவில்லை, அதோடு காகிதமும் வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசிக்காமல் கிளம்பப் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள். முழுக் கூட்டமும் வீடியோ எடுக்கப்பட வேண்டும் என்பதும் விதிதான். நேரில் வர முடியாதவர்கள் வாரியத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுப்பலாம்.

நிலம் எடுப்பு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதே, அனுமதி இல்லாமல் எப்படி என்றும் பலர் கேட்பார்கள். அறிவிக்கையே அதற்கு வழி விட்டிருக்கிறது: அனுமதிக்கு முன் கட்டுமானமோ நிலத்தைத் தயார்படுத்தும் வேலையோ கூடாது, ஆனால் நிலத்தைப் பெறுவதற்குத் தடையில்லை. தமிழ்நாட்டில் நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். 2013 மத்தியச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு இதற்குப் பொருந்தாதபடி மாநிலம் திருத்தம் செய்து, 2019இல் தனிச் சட்டம் போட்டு உயிர்ப்பித்து, அதை உச்ச நீதிமன்றமும் 2021இல் ஏற்றுக்கொண்டது. செய்யாறு பக்கம் மேல்மாவில் 2023இல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடி, சிலர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது வரை போனதன் பின்னணி இதுதான்: நிலம் பற்றி ஊர் கூடிப் பேச ஒரு சபை இல்லை. அந்த 1997 சட்டத்தின் 3(2) பிரிவில் நில உரிமையாளருக்கு வரும் நோட்டீசுக்கு ஆட்சேபம் எழுதுவது ஒரு பாதை, சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு இன்னொரு பாதை. இரண்டிலும் ஆட்சியரும் அவர் நிர்வாகமும்தான் எதிரே இருப்பார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு கோப்புகள். ஒன்றில் சொன்னது மற்றதில் தானாகப் போய்ச் சேராது, தனித்தனியாக எழுத வேண்டும்.

2006க்கு முந்தைய பழைய பேட்டைகள் தனிக் கதை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டை அளவில் அனுமதியே கிடையாது, அப்படியிருக்க உள்ளே வரும் ஆலைக்குக் கருத்துக்கேட்பு விலக்கு எப்படி வரும் என்பது பல வருட வழக்கு, அமைச்சகம் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை போட்ட விவகாரம். இதன் பெரிய உதாரணம் தூத்துக்குடி. ஸ்டெர்லைட்டின் இரண்டாம் அலகு சிப்காட் வளாகத்துக்குள் வருகிறது என்ற அடிப்படையில் கருத்துக்கேட்பு இல்லாமல் நகர்ந்தது. துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், 2018 மே 23 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கட்டுமானத்தை நிறுத்தி, மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்றது. ஆகவே 'சிப்காட்டுக்குள் இருக்கிறோம்' என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டம், எந்த சர்வே எண், அந்தக் கட்டத்துக்கு அனுமதிக் கடிதம் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள்.

அனுமதி இல்லாமலே ஆரம்பித்துவிட்டால்? அங்கலேஷ்வரில் அப்படி இயங்கிய மூன்று ஆலைகள் வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பின்தேதியில் அனுமதி தருவது சட்டத்துக்கு எதிரானது என்றது. ஆனாலும் ஆலைகளை மூடவில்லை, தலா 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. 2025 மே மாதம் இதே நிலைப்பாட்டை இன்னும் கடுமையாகச் சொல்லிய ஒரு தீர்ப்பை, நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2க்கு 1 என்ற பெரும்பான்மையில் திரும்பப் பெற்றது. இப்போதைக்கு இந்த இடம் உறுதியான தரை இல்லை, இதை நம்பி உத்தி வகுக்க வேண்டாம்.

அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதி விண்ணப்பங்கள் பதிவாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டு வாரம் ஒருமுறை பார்த்துவந்தால் தேதி தவறாது, பத்திரிகை விளம்பரத்தை நம்பி இருக்காதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் போய்விட்டாலும் ஒரு கதவு மிச்சம் இருக்கிறது: அனுமதி பெற்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். பேட்டையின் அனுமதிக் கடிதத்தை ஒரு பக்கமும் அந்த அறிக்கையை மறுபக்கமும் வைத்து வரிக்கு வரி பாருங்கள், பட்டியலில் இல்லாத தொழிலுக்கு மனை ஒதுக்கியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.